கல்லுக்கு முன்னால் ஒட்டு உடையட்டும்

இரும்பை மாகாளத்தில் இருக்கும் சிவன் உடைந்த சிவன். லிங்கம் மூன்று துண்டாகி, செப்புத் தகடு போட்டுக் கட்டி நிற்கிறது. திண்டிவனம் – புதுச்சேரி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வருகிற ஊர். சம்பந்தர் பாடிய தலம், தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற முப்பத்திரண்டில் ஒன்று. ஆரோவில் பார்க்க வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் இங்கே எட்டிப் பார்த்தால் அதிகம்.

உடைந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பஞ்ச காலம். கடுவெளிச் சித்தர் மரத்தடியில் தவம், மேலே புற்று மூடிவிட்டது. காய்ந்த இலைதான் ஆகாரம். தவத்தின் சூட்டில்தான் மழை பெய்யவில்லை என்று நினைத்த அரசன், ஆடல்காரி ஒருத்தியை அனுப்புகிறான். அவள் இலைக்குப் பதிலாகக் கையில் அப்பளம் வைக்கிறாள். தவம் கலைந்து மழை பெய்கிறது. கோயில் விழாவில் அவள் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழ, சித்தர் எடுத்து மாட்டிவிடுகிறார். ஊர் சிரிக்கிறது. அவர் கோபத்தில் பாடுகிறார், லிங்கம் மூன்றாக வெடிக்கிறது. மன்னிப்புக் கேட்டதும் மறுபடி பாடுகிறார், துண்டுகள் சேர்கின்றன.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு வேண்டியது கதைக்குப் பிறகு நடந்தது. பாட்டில் சேர்ந்த கல்லுக்குச் செப்புத் தகடு எதற்கு? யாரோ ஒரு கைவேலைக்காரர், எந்தக் காலத்திலோ, பாட்டை மட்டும் நம்பாமல் தகட்டை வளைத்துக் கட்டியிருக்கிறார். புது லிங்கம் செய்து வைத்திருக்கலாம், செய்யவில்லை. உடைந்ததை உடைந்ததாகவே வைத்து, விழாமல் பிடித்து, பூசையும் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் ரிப்பேருக்கு ஒரு கோயில் உண்டென்றால் அது இதுதான்.

இதே வட்டாரத்தில் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். துளசி மாடத்தில் ஒரு மூலை பெயர்ந்தால் மாடமே குப்பைமேட்டுக்குப் போகிறது. திண்ணைக் கல்லில் விரிசல் விட்டால் மேலே டைல்ஸ். துவைக்கிற கல் பிளந்தால் ரோட்டோரம். சமையல் மேடை கிரானைட்டில் அடுப்புக்கு வெட்டிய ஓட்டையின் மூலையிலிருந்து ஒரு முடி அளவு கோடு ஓடினால், “முழுசா மாத்திடுங்க சார், ஒட்டினா நிக்காது.” எங்கள் பக்கத்தில் ஒரு கல் கடையில் நானே கேட்ட வாக்கியம் இது. ஒட்டுகிற வேலைக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். “அதெல்லாம் எடுக்கறதில்ல.” புதுப் பலகை வேண்டுமென்றால் மறுநாளே வண்டி வரும்.

வீட்டுக் கல்லை ரிப்பேர் செய்வது கஞ்சத்தனம் இல்லை, பழைய ஏக்கமும் இல்லை. கல்லை எப்படி நடத்த வேண்டும் என்று தெரிந்தவர்களின் இயல்பான நடத்தை அது. அந்த நடத்தையை மூன்று பேர் சேர்ந்து நம்மிடமிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

ஒன்று: ‘உடைஞ்சது வீட்டுக்கு ஆகாது’

கண்ணாடி உடைந்தால் ஆகாது, அம்மி உடைந்தால் ஆகாது, விரிசல் விட்ட கல்லில் லட்சுமி தங்கமாட்டாள். வாஸ்து வீடியோக்கள் வந்த பிறகு இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. “ஆகமத்திலேயே இருக்கு” என்று ஒரு முத்திரையும் சேர்ந்துவிடுகிறது.

ஆகமத்தில் இருப்பது ஜீரணோத்தாரணம். பின்னமான திருமேனியை என்ன செய்வது, எப்போது மாற்றுவது என்பதற்கு விதிகள் உண்டு. அது பிரதிஷ்டை செய்த மூர்த்திக்கான விதி. உங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லுக்கு யாரும் கும்பாபிஷேகம் செய்யவில்லை. அதற்கு ஏன் ஆகமம்?

இன்னொன்றும் உண்டு. அதே மரபுதான் அஷ்டபந்தனத்தையும் கொடுத்தது. மூர்த்திக்கும் பீடத்துக்கும் நடுவில் வைக்கும் மருந்து அது. கொம்பரக்கு, குங்கிலியம், காவிக்கல், தேன்மெழுகு, எருமை வெண்ணெய், செம்பஞ்சு, சாதிலிங்கம், சுக்கான் கல் தூள். உரலில் போட்டு நாள்கணக்கில் இடித்து, கையில் உருட்டும் பதத்துக்குக் கொண்டுவந்து சந்தில் அடைப்பார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தின்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது வைப்பார்கள். (வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சாதிலிங்கம் பாதரசம் கலந்த பொருள்.)

அந்த முறைக்குள் இருக்கும் அறிவை மட்டும் கவனியுங்கள். ஒட்டு, கல்லைவிட மென்மையானது. நிரந்தரம் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அது சாகும், கல் சாகாது. எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். இன்று உலகம் முழுக்கப் பழங்கட்டட நிபுணர்கள் சொல்கிற பாடமும் இதுதான்: ஒட்டு கல்லைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும், வேண்டும்போது எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் உரலில் இடித்துக்கொண்டிருந்த விஷயம். சாஸ்திரத்தின் பெயரால் கல்லைத் தூக்கி எறிகிறவர்கள் சாஸ்திரத்தையும் சேர்த்துத்தான் எறிகிறார்கள்.

இரண்டு: கின்ட்சுகி ஸ்டேட்டஸ்

இது நம் ஆட்களுக்கு. அதாவது இதைப் படிக்கிற உங்களுக்கும் எனக்கும்.

நம் தலைமுறையில் கவிதை எழுதுகிற பத்துப் பேரில் ஆறு பேர் ஒருமுறையாவது கின்ட்சுகி பற்றி எழுதியிருப்போம். உடைந்த கிண்ணம், பொன் கோடு, காயமே அழகு, உன் விரிசல் வழியாக ஒளி இத்யாதி. ஜப்பானியர்களோடு எனக்குச் சண்டை இல்லை. உருஷி மரப்பாலைப் பூசி, ஈரப்பதம் காத்து, வாரக்கணக்கில் உலரவிட்டு, அதன் மேல் பொன் பொடி தூவுகிற பொறுமையான தொழில் அது. அரிப்பெடுக்கும் பாலோடு வருஷக்கணக்கில் பழகியவர்கள் செய்வது. நாம் எடுத்துக்கொண்டது தொழிலை இல்லை, உவமையை மட்டும். உவமைக்குக் கை அழுக்காகாது.

அந்தக் கவிதையை எழுதிய வீட்டில் கடப்பா கல் அலமாரி ஒன்று விரிசல் விட்டால் என்ன நடக்கிறது? மாற்றுகிறோம். இரும்பையில் செப்புத் தகடு கட்டிய கல் ஒன்று நிற்பது தெரியாது. கின்ட்சுகிக்கு ஹாஷ்டேக் போடத் தெரியும். ஒரு சமூகத்தின் அழகியல் அதன் உவமைகளில் இல்லை, அது குப்பைமேட்டில் என்ன போடுகிறது என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல். விரிசலைக் கொண்டாடினால் விரிசல் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கல் சும்மா உடையாது. கீழே தாங்கல் இல்லாமல் உடையும், இரும்பு துருப்பிடித்து உடையும், உப்பு ஏறி உடையும். காரணத்தைச் சரிசெய்யாமல் பொன் கோடு இழுத்தால், அடுத்த வருஷம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு வரும்.

மூன்று: சிமெண்ட்

முதல் இரண்டும் மனசுக்குள் இருக்கும் எதிரிகள். இது மூட்டையில் வருகிற எதிரி.

எங்கள் கரையில் கல்லைத் தின்பது உப்பு. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலில் விட்டால் நீர் போகும், உப்பு பூக்கும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதே வேலை உங்கள் வீட்டுச் சுவருக்குள்ளும் நடக்கிறது. உப்பு கலந்த ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது, கடற்காற்றிலிருந்தும் இறங்குகிறது. கல்லின் நுண்துளை வழியாகவும் இணைப்புச் சாந்து வழியாகவும் நகர்ந்து, வெளியே வருகிற இடத்தில் உலர்கிறது. உலர்கிற இடத்தில் உப்புப் படிகம் வளரும். படிகம் வளர இடம் வேண்டும். அந்த இடத்தை அது தள்ளித்தான் எடுத்துக்கொள்ளும்.

இணைப்பில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் ஈரம் அது வழியாக வெளியேறும். உப்பு அதில் பூக்கும், சாந்து பொரிந்து உதிரும், கல் தப்பிக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை சாந்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால் போதும். சாந்து உதிர்வது பலவீனம் என்று நாம் நினைக்கிறோம். அது அதன் வேலை. கல்லுக்காகச் சாகிற ஆள் அது.

அந்த இடத்தில் சிமெண்ட் அடைத்தால்? ஈரத்துக்கு அந்த வாசல் மூடிவிட்டது. கல் வழியாகத்தான் வெளியேறும், கல்லின் முகத்துக்குள்தான் உப்பு பூக்கும். இப்போது உதிர்வது கல். சிமெண்ட் கோடு மட்டும் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் கல் குழிந்துபோன பழைய சுவர்களைப் பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் வரை எங்கேயும் பார்க்கலாம். கருங்கல்லுக்கு நுண்துளை குறைவு, தாக்குப்பிடிக்கும். செம்புரைக்கல்லும் மணற்கல்லும் பாவம். அவை சீக்கிரம் மாவாகும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் இதே பிரச்சினைதான். அங்கே தொல்லியல் துறை என்ன செய்தது? கடலைத் தடுக்கக் கற்களைக் கொட்டியது, காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டது. கல்லின் மேல் காகிதக் கூழை ஈரமாக அப்பி, கூழ் உலரும்போது உப்பு அதற்குள் இழுபட்டு வருமாறு செய்து, உரித்து எடுத்தது. கூழில் உப்பு, கல்லில் நிம்மதி. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுக் கல்லைக் காப்பாற்ற ஊறவைத்த காகிதம். இதைவிட எளிமையான வைத்தியம் ஏது?

இரும்புக் கம்பி விஷயமும் இப்படித்தான். பிளந்த படிக்கல்லை இரும்புக் கம்பி வைத்து இணைத்துச் சிமெண்ட் பூசுவது நம் கொத்தனார்களின் வழக்கமான வைத்தியம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். பருத்தால் கல் வெடிக்கும். கடற்காற்றில் இதற்கு நிறைய வருஷம் ஆகாது. ஏதென்ஸ் பார்த்தெனானில் இதே கூத்து பெரிய அளவில் நடந்தது. பழைய கிரேக்கர்கள் இரும்புப் பிணைப்புகளுக்கு ஈயம் ஊற்றி மூடியிருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் மூடாத இரும்பை வைத்துச் சீரமைத்தார். அது துருப்பிடித்து, இரண்டாயிரத்து நானூறு வருஷப் பளிங்கைப் பிளந்தது. இன்று அதையெல்லாம் பிடுங்கி டைட்டானியம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரும்பையில் தகடு கட்டியவர் இரும்பை எடுக்கவில்லை, செம்பை எடுத்தார். ஊர்ப் பெயர் இரும்பை, கட்டு செம்பு!

சரி, என்ன செய்யலாம்?

திட்டிவிட்டுப் போவது சுலபம். செய்கிற வழியையும் சொல்கிறேன்.

முதலில் கல் எது என்று தெரிய வேண்டும். கிரானைட்டும் கடப்பாவும் ஒன்றல்ல. கடப்பா சுண்ணாம்புக்கல். ஒதுக்குப்புறமான மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பளபளப்பு மங்கினால் கடப்பாவோ பளிங்கோ. கிரானைட் சும்மா இருக்கும். சாம்பார் புளி சிந்தின இடம் வெளுத்துப்போவதும், பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவிய கடப்பா சொரசொரப்பாவதும் இதனால்தான். சுண்ணாம்புக்கல்லுக்கு ஆசிட் மருந்து இல்லை, விஷம்.

அடுத்து, அந்தக் கல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வெயிலிலா, நிழலிலா? தண்ணீர் படுமா? எடை தாங்குமா? சாப்பாடு படுமா?

சமையல் மேடையில் முடிக்கோடு என்றால் எபாக்ஸி போதும். விரிசலைச் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக்கி, இரண்டு நாள் உலரவிடுங்கள். பெரும்பாலான தோல்வி ஈரத்தில்தான் வருகிறது. கல் கடையில் தரையில் கிடக்கும் அதே நிறத் தூளைக் கேட்டு வாங்கி எபாக்ஸியில் குழையுங்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, கொஞ்சம் மேலெழும்ப அடையுங்கள். பாதி இறுகியதும் பிளேடை வைத்துச் சீவிவிட்டு, முழுசாக இறுகியதும் நீர் உப்புத்தாளில் தேய்த்தால் முடிந்தது. அதற்கு முன்பு மேடைக்கு அடியில் குனிந்து பாருங்கள். தாங்கல் இல்லாத இடத்தில்தான் விரிசல் வந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே அடைத்துப் பயனில்லை. வெயில் படும் இடத்தில் எபாக்ஸி மஞ்சளாகும், அங்கே வேண்டாம்.

பிளந்த படிக்கல், துவைக்கிற கல், திண்ணைப் பலகைக்கு: இரண்டு முகத்திலும் நேருக்கு நேர் துளை போட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசி வையுங்கள். கடற்கரையில் 316 தரம் கேளுங்கள். கல்லுக்கு அடியிலும் ஓரத்திலும் சுண்ணாம்புச் சாந்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல்.

அம்மி, ஆட்டுக்கல், உரலுக்கு எந்தப் பசையும் வேண்டாம். அரைக்கிற முகத்தில் விரிசல் வந்தால் அதற்கு ஓய்வு கொடுங்கள். பறவைக்குத் தண்ணீர் வையுங்கள், செடி வையுங்கள், வாசலில் உட்காருங்கள். பரணைத் தாங்குகிற பலகை பிளந்திருந்தால் அதை ஒட்டவே கூடாது. கீழே முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் இறக்கிவிடுங்கள். ரிப்பேர் என்றால் எல்லாவற்றையும் ஒட்டுவது என்று அர்த்தமில்லை. எதை ஒட்டக்கூடாது என்று தெரிவதும் ரிப்பேர்தான்.

துளை போடும்போதும் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டுக்கொண்டே செய்யுங்கள். முகத்துக்கு நல்ல மாஸ்க், கைக்குட்டை இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு இப்போது வருகிறேன்.

யார் மூச்சு?

கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரலுக்குள் போய்த் தழும்பாக மாறும். சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. குவாரியில் துளை போடுகிறவர், பட்டறையில் பலகை அறுக்கிறவர், உங்கள் வீட்டுக்கு வந்து அடுப்புக்கு ஓட்டை வெட்டிக் கொடுக்கிறவர் எல்லோரும் அந்தத் தூளில்தான் நிற்கிறார்கள். பெரும்பாலும் முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். கிரானைட்டுக்கு அடுத்த தரம் என்று ஷோரூமில் காட்டுகிறார்களே செயற்கைக் குவார்ட்ஸ் பலகை, அதில் பெரும்பகுதி சிலிக்காதான். அதை அறுத்த தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நோயாளி ஆனதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதை நாடு முழுக்கத் தடை செய்தது. நமக்கு அது இன்னும் ‘பிரீமியம்’.

நீங்கள் தேவையில்லாமல் மாற்றுகிற ஒவ்வொரு பலகைக்கும் யாரோ ஒருவர் மூச்சில் விலை கொடுக்கிறார். விரிசலை அடைக்க அரை மணி நேரத் தூள், அதுவும் தண்ணீரில் நனைந்த தூள். புதுப் பலகைக்கு மலையிலிருந்து மேடை வரை தூள்.

மலையும் சும்மா கிடைத்ததில்லை. பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இரும்பைக்கு மேற்கே திருவக்கரையில் மரமே கல்லாகிக் கிடக்கிறது, சுமார் 2 கோடி ஆண்டாக. இந்த வயசுள்ள பொருளை, மூலையில் சில்லு போனதென்று குப்பையில் போடுகிற துணிச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது?

‘ஆட்டுக்கல் காலத்துக்குப் போகச் சொல்றியா?’

இந்தக் கேள்வி நியாயமானது. பழைய கல்லைப் பற்றி உருகுகிற ஆண்களை எனக்கும் பிடிக்காது. ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து இட்லிக்கு அரைத்தது அவர்கள் இல்லை. அந்த முழங்கால் வலியைத் திரும்பக் கொண்டுவர நான் கேட்கவில்லை. ஆனால் உங்கள் வெட் கிரைண்டருக்குள் சுற்றுவதும் கல்தான். புவிசார் குறியீடு வாங்கிய கோவை கிரைண்டரின் உயிரே அந்தக் கல்தான். அதுவும் வழுவழுப்பாகும், அப்போது அதையும் கொத்த வேண்டும். ‘அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது’ என்று தெருவில் கூவிக்கொண்டு போன ஆள் பழமையின் சின்னம் இல்லை, சர்வீஸ் இன்ஜினியர். பொருளை விற்றுவிட்டுப் போனவர் இல்லை அவர், பொருளின் ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தவர். அவரை இழந்ததுதான் நஷ்டம்.

வீட்டில் பழகியதுதான் வெளியிலும் வரும். கோயில்களில் கருங்கல் தரைக்கு மேல் டைல்ஸ், தூணுக்கு எனாமல் பெயிண்ட், மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்வெட்டின் விளிம்பு மழுங்கச் சுத்தம் செய்தது, இதெல்லாம் பார்த்து நாம் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகள் போட வேண்டிய நிலை வந்தது. ஆனால் திருப்பணிக் குழுவில் உட்காருகிறவர் வானத்திலிருந்து வந்தவரா? தன் வீட்டுத் திண்ணைக்கு டைல்ஸ் ஒட்டிச் சந்தோஷப்பட்டவர்தான் அவர். புதுசு என்றால் சுத்தம், பழசு என்றால் அசிங்கம் என்ற ரசனை சமையலறையில் வளர்ந்து சன்னதிக்குப் போகிறது. நீதிமன்றம் ரசனைக்கு உத்தரவு போட முடியாது.

1964-இல் வெனிஸில் நினைவுச் சின்னங்களுக்காக ஒரு சாசனம் எழுதினார்கள். சேர்க்கிற பகுதி மொத்தத்தோடு இணங்க வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து வேறுபடுத்திப் பார்க்க முடிய வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஒட்டு தெரியலாம், தெரிய வேண்டும். பொய் சொல்லக்கூடாது. இரும்பைத் தகடு பொய் சொல்வதில்லை. கல் கல்லாக இருக்கிறது, செம்பு செம்பாக இருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை வீட்டில் ஒரு கல் உடைந்தால் கடைக்குப் போன் போடுவதற்கு முன்பு குனிந்து பாருங்கள், ஏன் உடைந்தது என்று. ஒட்ட முடியுமென்றால், கல்லுக்கு முன்னால் உடையக்கூடிய ஒட்டாகப் பாருங்கள். கொத்துகிறவர், கல் தச்சர், சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த பழைய மேஸ்திரி யாராவது உங்கள் ஊரில் மிச்சமிருந்தால் அவருக்கு வேலை கொடுங்கள், பேரம் பேசாமல் கூலி கொடுங்கள், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். கவிதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.